பவுண் விலையின் மறுபாதி

"அக்கா, பவுண் இன்னும் ஏறுமோ?" வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் நகை அடகுப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்தவள் என்பதால், எனக்கு ஏதோ உள்விஷயம் தெரியும் என்று நினைக்கிறார்கள். உலகச் சந்தையில் தங்கம் என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் நாங்கள் கொடுக்கிற ரூபா விலையில் உலகச் சந்தையின் பங்கு பாதிதான். மற்றப் பாதி கொழும்பில், திறைசேரியிலும் மத்திய வங்கியிலும் தீர்மானமாகிறது. அந்தப் பாதியைப் பற்றி ஆட்கள் கேட்பதில்லை. எனக்கு ஆதங்கம் அதில்தான்.

கணக்கு லேசானது. ஒரு பவுண் 8 கிராம். உலகச் சந்தையில் விலை சொல்வது அவுன்ஸில், அது 31.1 கிராம். ஆக ஒரு பவுண் என்பது கால் அவுன்ஸுக்குச் சற்றுக் கூட. அவுன்ஸ் 1,800 டொலர் என்றால் 24 கரட் பவுண் ஏறத்தாழ 463 டொலர். அதை டொலரின் ரூபா விலையால் பெருக்குங்கள். 22 கரட்டுக்கு 12இல் 11 பங்கை எடுங்கள். வரியும் கடைக்காரரின் லாபமும், நகையென்றால் செய்கூலியும் சேதாரமும் அதற்கு மேலே வரும்.

இப்போது 2022ஐப் பாருங்கள். அந்த ஆண்டு தொடங்கும்போதும் முடியும்போதும் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,800 டொலரை ஒட்டித்தான் இருந்தது. இடையில் மார்ச்சில் 2,000ஐத் தாண்டியது, செப்டெம்பர் கடைசியில் 1,650க்கும் கீழே போனது, பிறகு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஆனால் டொலர் 203 ரூபாவிலிருந்து 363 ரூபாவுக்குப் போய்விட்டது. அதே 463 டொலர் பவுண், கணக்கின்படி 94,000 ரூபாவிலிருந்து 168,000 ரூபா ஆனது. எங்கள் ஆட்கள் "தங்கம் ஏறிட்டுது" என்றார்கள். தங்கம் இருந்த இடத்தில்தான் இருந்தது. கீழே போனது சம்பளமும் சேமிப்புப் புத்தகமும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் 7 வரை டொலரை 203 ரூபாவைத் தாண்டவிடாமல் மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. வங்கிப் பலகையில் அந்த விலைதான். ஆனால் நகைக்கடைப் பலகையில் அந்தக் கணக்குக்குப் பொருந்தாத, கூடுதலான ஒரு விலை எழுதியிருந்தது. பொற்கொல்லரும் கடைக்காரரும் முட்டாள்கள் அல்ல. வங்கிக்கு வெளியே கைமாற்றாகப் பணம் அனுப்பும் உண்டியலில் டொலர் என்ன விலைக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பவுண் விலையை 463ஆல் வகுத்துப் பார்த்தால் ரூபாவின் உண்மை விலை வந்துவிடும். அந்த மாதங்களில் நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்து பார்ப்பதுண்டு. அரசாங்கம் சொல்ல மறுத்ததை நகைக்கடைப் பலகை அப்பட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் அதைப் புரிந்துகொண்டுதான் வங்கி வழியாகப் பணம் அனுப்புவதைக் குறைத்தார்கள். 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த அந்த வருமானம் 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. பிடித்து வைத்த விலையே டொலரை விரட்டியடித்தது.

சரி, ரூபா ஏன் விழுந்தது? எல்லாம் கொரோனாவால் என்று சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். கொரோனா பெரிய அடிதான், மறுக்கவில்லை. உல்லாசப் பயணிகள் வரவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2019 டிசெம்பரில், புதிதாக வந்த அரசாங்கம் தன் வருமானத்தைத் தானே வெட்டிவிட்டது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை உள்ளவர் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 300 மில்லியனாக உயர்ந்தது. சம்பளத்தில் கழிக்கிற, உழைக்கும்போது செலுத்தும் வரி நீக்கப்பட்டது. விளைவு, 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பதினொன்றரை வீதமளவில் இருந்த வரி வருமானம் அடுத்த வருடமே 8 வீதமளவுக்கு இறங்கியது. 2021இல் அரசாங்கத்தின் வருமானத்தில் 70 வீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. நூறு ரூபா உழைத்து எழுபது ரூபாவை வட்டிக்குக் கட்டுகிற ஒரு குடும்பம் எங்கள் கவுண்டருக்கு வந்திருந்தால், நாங்கள் கடன் கொடுத்திருக்க மாட்டோம்.

வெளிநாட்டுச் சந்தையும் கொடுக்கவில்லை. 2020இலிருந்து, நாடுகளின் கடன் கட்டும் தகுதியை மதிப்பிடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் இலங்கையைப் படிப்படியாகக் கீழே இறக்க, புதுக் கடன் எடுத்துப் பழைய கடனைக் கட்டுகிற வழி அடைபட்டது. அப்புறம் என்ன செய்தார்கள்? டொலர் கடனைக் கையிருப்பிலிருந்து கட்டினார்கள். ரூபாச் செலவுக்குப் பணம் அச்சிட்டார்கள். 2019 இறுதியில் மத்திய வங்கி வைத்திருந்த அரசாங்கக் கடன் பத்திரங்கள் 75 பில்லியன் ரூபா அளவில் இருந்தன. 2022 இறுதியில் அது 2,600 பில்லியன் அளவு. அதே காலத்தில் வெளிநாட்டுக் கையிருப்பு 7.6 பில்லியன் டொலரிலிருந்து கரைந்துகொண்டே வந்து, 2021 இறுதியில் சீனாவுடன் செய்த நாணயப் பரிமாற்ற ஒப்பந்தத்தால் கிடைத்ததையும் சேர்த்து 3.1 பில்லியன் ஆனது. 2022 மேயில் உண்மையாகப் பயன்படுத்தக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். ரூபா பெருகிக்கொண்டும் டொலர் வற்றிக்கொண்டும் இருந்தால் விலை எந்தப் பக்கம் போகும்?

நகை அடகுப் பகுதியில் இருந்த எனக்கு மறக்க முடியாத செய்தி 2021 டிசெம்பரில் நடந்தது. மத்திய வங்கி தன் தங்கத்தில் பாதிக்கு மேல் விற்றது. நவம்பர் இறுதியில் 382 மில்லியன் டொலர் பெறுமதியாக இருந்த தங்கம், டிசெம்பர் இறுதியில் 175 மில்லியன். கையில் புழங்கும் டொலரைக் கூட்டுவதற்காக விற்றதாக அப்போதைய ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் விளக்கம் சொன்னார். அடுத்த மாதம், ஜனவரி 18ஆம் திகதி, முதிர்வடைந்த 500 மில்லியன் டொலர் இறையாண்மை முறியை, அதாவது அரசாங்கம் வெளிநாட்டில் கடன் வாங்க விற்ற பத்திரத்தை, ஒரு சதமும் குறையாமல் கட்டினார்கள். கடனை இப்போதே மறுசீரமையுங்கள், இருக்கிற டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் முன்கூட்டியே சொன்னார்கள். கேட்கவில்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதையே நிறுத்த வேண்டி வந்தது. ஜனவரியில் முறிக்காரருக்குப் போன அந்த டொலர் ஏப்ரலில் ஆஸ்பத்திரி மருந்தாக இருந்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

1991இல் இந்தியாவுக்கும் இதே போன்ற நிலைமை வந்தது. கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற கட்டம். அவர்கள் கடத்தல்காரரிடம் பறிமுதல் செய்த தங்கத்தில் 20 தொன்னைச் சுவிஸ் வங்கியொன்றுக்குத் திரும்ப வாங்கும் உரிமையோடு விற்றார்கள். பிறகு ரிசர்வ் வங்கியின் 47 தொன் அளவு தங்கத்தை ஈடாக வைத்து 400 மில்லியன் டொலர் அளவில் கடன் எடுத்தார்கள். அவமானம் என்று நாடே கொதித்தது. ஆனால் அந்தக் கடனைக் கட்டித் தங்கத்தை ஈட்டிலிருந்து மீட்டார்கள். அடைவு வைத்தால் மீட்கலாம். எங்கள் மத்திய வங்கி நேரடியாக விற்றது. அவுன்ஸ் 1,800 டொலருக்குப் போன அந்தத் தங்கம் 2025 ஒக்டோபரில் 4,000 டொலரைத் தாண்டியது. சிறிய தொகை, நாட்டின் கடனோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். எங்களிடம் அடைவு வைக்க வந்தவர்களின் நகையும் சிறியதுதான். அதை அவர்கள் எப்படிக் காப்பாற்றப் பாடுபட்டார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

2022 மார்ச்சுக்குப் பிறகு எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களைச் சொல்கிறேன். முதலில் வந்தவர்கள் தோட்டக்காரர். அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்து வெங்காயச் செய்கைக்காரர் ஏற்கெனவே அடிபட்டிருந்தார்கள். இப்போது நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. பிறகு குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளர். அவர்களுக்கும் மண்ணெண்ணெய்தான் பிரச்சினை. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 மே கடைசியில் 420, ஜூன் கடைசியில் 470. அதன் பிறகு மாதச் சம்பளக்காரர் வந்தார்கள். ஆசிரியர்கள், கந்தோர்களில் வேலை செய்பவர்கள். முன்பெல்லாம் தெரிந்த முகத்தைக் கண்டால் வேறு வேலையாக வந்தது போலக் காட்டிக்கொள்வார்கள். அந்த வருடத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

"பிள்ளை, இப்ப பவுணுக்கு எவ்வளவு தாறியள்?" இதுதான் முதற்கேள்வி. நான் நகையை நிறுத்து, கல் எடையைக் கழித்து, கறுப்புக் கல்லில் உரசி அமிலம் விட்டுப் பார்த்துத் தொகையைச் சொல்வேன். தலைமையகம் பவுணுக்குக் கொடுக்கும் தொகையை உயர்த்திக்கொண்டே வந்ததால், சொன்னதும் பலருடைய முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. முந்திய வருடம் வைத்த நகையை மீட்டு, அதே நிமிடத்தில் திரும்பக் கூடிய தொகைக்கு வைத்துவிட்டு, மேலதிகப் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நகை வங்கியின் இரும்பறையை விட்டு நகரவே இல்லை. அவர்களுடைய கடன் மட்டும் இரண்டு மடங்கானது. அடகு வட்டியும் 20 வீதத்தைத் தாண்டியிருந்தது.

பவுண் விலை ஏறினால் நகை வைத்திருக்கிற எல்லோருக்கும் லாபம் என்று பத்திரிகைகளில் எழுதியவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்கவில்லை. விலை ஏறிய காலத்தில் நகையைத் தொடத் தேவையில்லாமல் இருந்தவருக்குத்தான் லாபம். கனடாவில் தம்பி இருக்கிற ஒரு பெண், 2021இல் வைத்த தாலிக்கொடியைப் பழைய தொகைக்கே மீட்டுக்கொண்டு போனார். தம்பி அனுப்பிய டொலருக்கு ரூபா கூடக் கிடைத்தது, கடன் ரூபாவில் அப்படியே நின்றது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற, வெளிநாட்டில் யாருமில்லாத பெண் தன் இரண்டு காப்பையும் அன்றுதான் வைத்தார். ஒரே விலையேற்றம்தான்.

இவ்வளவுக்கும் பிறகும் எங்கள் பெண்கள் பவுணை நம்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். 1995 ஒக்டோபர் கடைசியில் போர் நெருங்கி வர, ஊரே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. வீட்டையும் காணியையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. உடம்பில் கிடந்த நகைதான் சாவகச்சேரியில் அரிசியாகியது. அதற்கு முன்பு விடுதலைப் புலிகள் இயக்கம் வீட்டுக்கு இரண்டு பவுண் கேட்டு வாங்கியபோது அதைக் கொடுத்ததும் இதே நகையிலிருந்துதான். இந்த அனுபவம் உள்ள ஒரு தாயிடம் போய், தங்கம் வட்டி தராத முதலீடு என்று விளக்கம் சொல்லக் கூடாது. அவருக்குத் தேவை வட்டி அல்ல.

ஆனால் முதலீடு என்று நினைத்து வாங்குபவர்களுக்கு 2023இன் கதையையும் சொல்ல வேண்டும். 2022 நடுப்பகுதியில் இருந்த காசையெல்லாம் திரட்டிப் பவுண் வாங்கியவர்கள் ஏராளம். நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராக வந்ததும் 2022 ஏப்ரல் 8இல் வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டினார். வரிகள் திரும்பி வந்தன. 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர் அளவிலான உதவித் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. ஜூனில் டொலர் 300 ரூபாவுக்கும் கீழே வந்தது. அந்த நேரத்தில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,950 டொலரை ஒட்டி. தங்கம் உலகத்தில் ஏறியிருக்க, எங்கள் ஊரில் பவுண் இறங்கியது. உச்ச விலையில் வாங்கியவர்கள் கலங்கிப்போய் வந்து கேட்டார்கள், உலகத்தில் ஏறுதாம், இஞ்சை ஏன் இறங்குது என்று. மறுபாதி திருந்தியதால் இறங்கியது. இதற்கிடையில் 2022 கடைசியில், அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியிருந்தது. அதில் போட்டவர்கள் அந்த ஒரு வருடத்தில் பவுண்காரரை விட நன்றாகவே செய்தார்கள். உலக விலை பாய்ச்சல் எடுத்து, 2025 மார்ச்சில் 3,000 டொலரைத் தாண்டியபோது பவுண்காரர் திரும்ப முந்தினார்கள் என்பதும் உண்மை. அந்தப் பாய்ச்சலுக்கும் எங்கள் திறைசேரிக்கும் சம்பந்தம் இல்லை.

இதில் எந்தப் பக்கமும் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தனியார் துறையில் வேலை செய்கிறவர்களின் ஊழியர் சேமலாப நிதியம் முக்கால்வாசிக்கு மேல் அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான் இருக்கிறது. 2022இல் அவர்களுக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. தொட்டால் வங்கிகள் ஆட்டம் காணும், வைப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுமை ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்கள் மேல்தான் இறங்கியது. பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் தருகிற புதிய முறிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் நிதியத்துக்கு முறிகளிலிருந்து வரும் வருமானத்துக்கு 30 வீத வரி. கடையில் நின்று வேலை செய்த பிள்ளையிடமும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போன பிள்ளையிடமும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. வரியை வெட்டியதால் நன்மை பெற்ற கம்பனிக்காரர்கள் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாக நான் அறியவில்லை.

ஆகவே பவுண் விலையைக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று விஷயங்கள். அரசாங்கம் போதுமான வரி எடுக்கிறதா? மத்திய வங்கி அரசாங்கத்துக்கு அச்சடித்துக் கொடுக்கிறதா? கையிருப்பு டொலர் கூடுகிறதா குறைகிறதா? மூன்றுக்கும் விடை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலேயே இருக்கிறது. 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்தின் முறிகளை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. என்னைப் பொறுத்தவரை அண்மைக் காலத்தில் இந்த நாட்டில் வந்த மிக முக்கியமான சட்டங்களில் அது ஒன்று. பெறுமதி சேர் வரி 18 வீதமானதிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து நானும் கஷ்டப்படுகிறேன். சாமான் வாங்கும்போது அது தெரிகிறது. ஆனால் வரியைக் குறைக்கிறேன் என்று மேடையில் யாராவது சொன்னால், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள். போன முறை அது எங்கள் சேமிப்பிலிருந்து வந்தது.

இப்போது எனக்கு உண்மையாகக் கவலை தருவது 2022இல் வைத்த நகையை இன்னும் மீட்காதவர்கள்தான். பன்னிரண்டு மாதத்துக்கொருமுறை வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கிறார்கள், விலை ஏறினால் மேலதிகம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஐந்து பவுண் 22 கரட் நகையைப் பவுணுக்கு ஒரு இலட்சம் என்று வைத்திருக்கிறீர்கள் என்று எடுங்கள். கடன் ஐந்து இலட்சம். அவுன்ஸ் 4,000 டொலர், டொலர் 300 ரூபா என்றால் வரியும் லாபமும் சேராமலே ஒரு பவுண் 2.8 இலட்சத்துக்கு மேல் வருகிறது. இரண்டு பவுணை விற்றால் கடன் முடிந்துவிடும், மூன்று பவுண் வீட்டுக்கு வரும். கடைக்காரர் சேதாரம் கழித்தாலும் பெரிய வித்தியாசம் வராது. விற்பது மானக்கேடு என்கிறார்கள். வருடா வருடம் வட்டி கட்டிக் கடைசியில் ஏலத்தில் ஐந்தையும் இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பத்திரிகையில் ஏல அறிவித்தல் வந்த பிறகு ஓடி வருவார்கள்.

இனி வைக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனிச் சீட்டுப் போடச் சொல்லுங்கள். கவுண்டரில் இருக்கிறவர்கள் வேலை கூடுகிறது என்று எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதப் பார்ப்பார்கள். விடாதீர்கள். தனிச் சீட்டு என்றால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் தோட்டை மட்டும் மீட்கலாம், அடுத்த மாதம் மோதிரத்தை மீட்கலாம். ஒரே சீட்டென்றால் முழுத் தொகையும் சேரும்வரை எல்லா நகையும் வங்கியிலேயே கிடக்கும்.